தொடாதீர்கள்

பெரியவருக்கு ஒரு நிறம், பிள்ளைகளுக்கு ஒரு நிறம்,
கேமராவுக்குத் தனிச் சீட்டு.
பகல் முழுக்க நான் கிழிப்பது இதைத்தான்.
கடலைப் பார்த்துச் சலித்தவர்கள்,
மழைக்கு ஒதுங்கியவர்கள்,
கழிப்பறை எங்கே என்று கேட்டு
சங்கடத்தில் சீட்டும் வாங்கியவர்கள்:
கன்னியாகுமரியில்
அருங்காட்சியகத்துக்கு இவ்வளவுதான் ஜனம்.

உள்ளே ஒரு திமிங்கலத்தின் எலும்பு,
மூக்குடைந்த துவாரபாலகர் இருவர்,
எந்த ஊர் என்று எழுத மறந்த பல்லக்கு.
ஒவ்வொன்றின் காலடியிலும்
நானே லேமினேட் செய்து ஒட்டிய எழுத்து:
தொடாதீர்கள்.

கடைசி அறையில், கண்ணாடிக்குள்,
காலால் மிதிக்கிற ஆர்மோனியம் ஒன்று.
'மிஷன் பங்களா. காலம் தெரியவில்லை.'
யாரும் அங்கே நிற்பதில்லை.
நான் நிற்பேன்.
கண்ணாடியில் என் பத்து விரலும் தெரியும்.

ஐந்தரைக்குப் பூட்டு.
சுசீந்திரம் தாண்டும்போது
கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போடுவேன்.
கோட்டாறு வரும்போது
'லைட்ஹவுஸ் மெலடீஸ்' இசைக்குழுவின் கீபோர்டு நான்.
நோட்டீஸில் என் பெயர் இருக்காது.
'மற்றும் குழுவினர்' என்று இருக்கும்,
அந்த 'மற்றும்' நான்தான்.

ஒத்திகை பார்வதிபுரம் மேம்பாலத்தின் அடியில்.
மேலே லாரி போனால்
பாலத்தின் இணைப்பில் தட்டென்று ஒரு அடி விழும்.
சுபின் அதையே முதல் அடியாக வைத்து
டிரம்மை ஆரம்பிப்பான்.
லாரி வராத நாளில்
எங்களுக்குப் பாட்டு தொடங்கத் தாமதமாகும்.

அம்மன் கொடைக்கு ஒரு பட்டியல்,
கோயில் திருவிழாவுக்கு ஒரு பட்டியல்,
தக்கலையில் கல்யாணம் என்றால்
சவுண்ட் மாஹீன் அண்ணன் எழுதித் தருவது.
பட்டியல்தான் மாறும்.
மேடைக்கு அதே சவுக்குக் கம்பு, அதே பலகை,
செருப்பைக் கழற்றினால்
அதே ஆணி.

ஒன்பதாம் திருநாள், புத்தன்துறை.
மூன்றாவது பாட்டில் மழை.
நாலாவது பாட்டில் கரண்டு போயிற்று.
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.
இருட்டில் மாஹீன் அண்ணன்
செத்த மைக்கைப் பிடித்து 'செக், செக்' என்றார்.
ஜனம் எழுந்தது.
சரி, போகிறார்கள், முன்பணத்தோடு முடிந்தது என்று
கீபோர்டுக்கு உறை தேடினேன்.

போகவில்லை.
உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத்
தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு
அப்படியே நின்றார்கள்.
முந்நூறு நாற்காலி மேல் மழை.
அந்தச் சத்தத்துக்கு என் கீபோர்டில் பட்டன் இல்லை.
நாங்கள் விட்ட வரியை
எங்கிருந்தோ ஒரு பெண் எடுத்தாள்.
ஏலக்கடையில் விலை கூவிப் பழகிய தொண்டை,
சுருதிக்கு வெளியேதான் இருந்தது,
யாரும் திருத்தவில்லை.
நானும் வாசித்தேன்.
உயிரில்லாத கட்டைகளில் என் நகம் பட்டு
டொக், டொக், டொக்.
எனக்கு மட்டும் கேட்டது.

காலையில் பணிக்கு வந்தேன், தலைமுடி காயவில்லை.
ஸ்ரீகலா மேடம் கருவூலத்துக்குப் போயிருந்தார்கள்.
சாவி மேஜை இழுப்பறையில் கிடந்தது.
எப்போதும் அங்கேதான் கிடக்கும்.

கண்ணாடியைத் திறந்தால் பழைய வேதப்புத்தக வாசம்.
மிதியில் கால் வைத்தேன், தோல் எங்கோ கிழிந்திருக்கிறது,
காற்று பக்கவாட்டில் போயிற்று.
ஒரு கட்டை அழுத்தினேன். ஒன்றுமில்லை.
அடுத்ததில் ஒன்றுமில்லை.
ஏழாவதோ எட்டாவதோ,
தூக்கத்தில் எழுப்பிய ஆள் மாதிரி
'ம்' என்றது.

வாசலில் ஒரு பையன்,
பொரி உருண்டை தின்றபடி.
"அக்கா, தொடப்பிடாதுன்னு போட்டிருக்கே."
"ஆமா மக்கா."
விரலை எடுக்கவில்லை நான்.
அவன் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
நின்றான்.

அவனுக்குச் சீட்டு கிழித்தேனா என்பது
இப்போதும் நினைவில்லை.
மாலையில் கணக்கு
மூன்று ரூபாய் இடித்தது.